வீட்டுச் சாவி யாரிடம்? பிளாட் திருத்தமும் கியூபாவின் சுதந்திரமும், 1898–1934

1901 மார்ச் 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி கையெழுத்திட்டது ஒரு ராணுவச் செலவு மசோதா. படைகளுக்கு அடுத்த ஆண்டுக்கான பணத்தை ஒதுக்குவதே அதன் வேலை. ஆனால் அதனுடன் எட்டுப் பிரிவுகள் கொண்ட ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. கியூபா என்ற இன்னொரு நாடு யாருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், எவ்வளவு கடன் வாங்கலாம், தன் ஊர்களை எப்படிச் சுகாதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும், தன் கரையில் எந்த நிலத்தைக் கடற்படைத் தளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பிரிவுகள் வகுத்தன. கனெக்டிகட் மாநில செனட்டர் ஆர்வில் பிளாட்டின் பெயரால் அது இன்றுவரை வழங்கினாலும், அதன் சாரத்தை வகுத்தவர் போர்த்துறைச் செயலர் எலிஹு ரூட்.

அமெரிக்கா கடல் கடந்து விரிந்த அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பிலிப்பீன்ஸ் போரும் ஹவாய் இணைப்பும் பனாமாக் கால்வாயும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றை விட்டுக் கியூபாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பிலிப்பீன்ஸுக்கு அமெரிக்கா ஸ்பெயினிடம் 2 கோடி டாலர் கொடுத்தது. போர்ட்டோ ரிக்கோவை வைத்துக்கொண்டது. கியூபாவை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று உலகறியச் சட்டம் இயற்றி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை அது வெளிப்படையாக மீறவில்லை. நிறைவேற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அதன் உயிரை எடுத்தது. அது எப்படி முடிந்தது என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

வாக்குறுதியில் இருந்த ஒரு சொல்

ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபர்கள் 1868இல் தொடங்கிய பத்தாண்டுப் போர் தோல்வியில் முடிந்தது. அதற்கடுத்த கிளர்ச்சியும் விரைவில் அடங்கியது. 1895 பிப்ரவரி 24 அன்று மூன்றாம் முறை எழுந்தார்கள். அந்த எழுச்சியை வெளிநாட்டிலிருந்து திட்டமிட்டவர் ஹொசே மார்த்தி. தீவுக்குள் அவருடைய நம்பிக்கைக்குரிய பிரதிநிதியாக இருந்தவர் ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். கிளர்ச்சி தொடங்குவதற்கான ஆணை ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுருட்டப்பட்டு அவர் கைக்கு வந்தது என்று கியூபாவில் சொல்வார்கள். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரலாற்றின் மிகத் தெளிவான குரல் அவருடையது. மார்த்தி 1895 மே 19 அன்று களத்தில் இறந்தார். முந்தைய நாள் அவர் எழுதி முடிக்காமல் விட்ட கடிதத்தில், கியூபாவின் விடுதலையைக் கொண்டு அமெரிக்கா கரீபியக் கடலின் அண்டிலிஸ் தீவுகளுக்குள் பரவுவதைத் தக்க காலத்தில் தடுப்பதே தன் கடமை என்று குறித்திருந்தார்.

கிராம மக்களை ஸ்பானியத் தளபதி வைலர் காவல் சூழ்ந்த ஊர்களுக்குள் அடைத்ததில், பசிக்கும் நோய்க்கும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஆனாலும் நாட்டுப்புறம் கிளர்ச்சிக்காரர்களின் கையில்தான் இருந்தது. 1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டதும், அமெரிக்காவில் போர் வெறி கட்டுக்கடங்காமல் போயிற்று.

ஏப்ரல் 11 அன்று மெக்கின்லி நாடாளுமன்றத்திடம் தலையிட அனுமதி கேட்டார். அந்தச் செய்தியில் அவர் கியூபக் குடியரசை அங்கீகரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செனட்டில் ஒஹாயோவின் ஜோசப் ஃபோராக்கர் உள்ளிட்டோர் அந்த அங்கீகாரத்தைத் தீர்மானத்தில் சேர்த்தார்கள். இறுதி வடிவில் அது நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக நின்றது கொலராடோ செனட்டர் ஹென்றி டெல்லரின் திருத்தம். கியூபாவின் மீது இறைமையோ அதிகாரமோ கட்டுப்பாடோ செலுத்தும் நோக்கம் அமெரிக்காவுக்கு இல்லை, தீவை அமைதிப்படுத்துவதற்காக அன்றி என்றும், அது நிறைவேறியதும் தீவின் ஆட்சியை அதன் மக்களிடமே விட்டுவிட உறுதி கொண்டிருக்கிறது என்றும் அது சொன்னது. ஏப்ரல் 20 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார்.

பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் விதை 'அமைதிப்படுத்துவதற்காக அன்றி' என்ற அந்தச் சிறு விலக்கில் கிடக்கிறது. அமைதி வந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? தீர்மானம் அதைச் சொல்லவில்லை. கியூபாவுக்கு ஓர் அரசு உண்டு என்று அங்கீகரித்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டாவது ஆள் ஒருவர் இருந்திருப்பார். அங்கீகாரம் இல்லாததால், வாக்குக் கொடுத்தவரே அது எப்போது நிறைவேற வேண்டும் என்று முடிவு செய்பவராகவும் ஆனார். டெல்லரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த வாக்குறுதி வாய் வார்த்தையாகப் போனது 1901இல் என்று பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஓட்டை முதல் நாளிலேயே இருந்தது.

சாண்டியாகோ வாசலில்

ஓட்டை எவ்வளவு பெரியது என்பது மூன்றே மாதங்களில் தெரிந்தது. ஜூன் 22 அன்று டாய்க்கிரி கரையில் சுமார் 17,000 அமெரிக்க வீரர்கள் இறங்கத் தொடங்கியபோது, அந்தக் கரையோரப் பகுதியில் காவலாக நின்றது கலிக்ஸ்தோ கார்சியாவின் கியூபப் படை. வேறு ஊர்களிலிருந்த ஸ்பானியத் துருப்புகள் தென்கிழக்குக் கரையிலுள்ள சாண்டியாகோ நகரின் உதவிக்கு வராதபடி தடுக்கும் வேலையையும் அவருடைய ஆட்களே செய்தார்கள். ஜூலை 17 அன்று நகரம் சரணடைந்தது. முப்பதாண்டுகளாக அதற்காகவே போராடிய கியூபப் படை நகருக்குள் நுழையக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி ஷாஃப்டர் தடுத்தார். நகர நிர்வாகத்தில் பழைய ஸ்பானிய அதிகாரிகளே இருக்கையில் தொடர்ந்தார்கள்.

கார்சியா ஷாஃப்டருக்கு எழுதிய கடிதம் கசப்பை அடக்கிக்கொண்ட ஒரு பெரிய மனிதரின் கடிதம். சமாதானப் பேச்சைப் பற்றியோ சரணாகதி நிபந்தனைகளைப் பற்றியோ உங்களிடமிருந்து ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை என்கிறார். கியூபர்கள் ஸ்பானியர்களைப் பழிவாங்கிப் படுகொலை செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் தடுத்தீர்கள் என்று ஒரு வதந்தி உலவுகிறது, அது நம்ப முடியாத அபத்தம் என்கிறார். பிறகு எழுதுகிறார்: நாங்கள் நாகரிகப் போரின் விதிகளை அறியாத காட்டுமிராண்டிகள் அல்ல. நாங்கள் ஏழைப்படை, கந்தலுடுத்திய படை. சுதந்திரத்துக்காகப் போரிட்ட உங்கள் முன்னோர்களின் படை எவ்வளவு கந்தலாகவும் ஏழையாகவும் இருந்ததோ அவ்வளவு. இதைச் சொல்லிவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று வாஷிங்டனில் காலமானார். அதற்கு முந்தைய நாள்தான் பாரிஸில் அமெரிக்காவும் ஸ்பெயினும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அந்த மேசையில் ஒரு கியூபருக்கும் இடம் தரப்படவில்லை.

1899 ஜனவரி 1 முதல் தீவில் அமெரிக்க ராணுவ ஆட்சி. விடுதலைப் படையைக் கலைக்க 30 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆயுதத்தைக் கொடுக்கும் வீரர் ஒவ்வொருவருக்கும் 75 டாலர். தளபதி மாக்ஸிமோ கோமெஸ் அதை ஏற்றதால் கியூபப் பிரதிநிதி சபை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அத்துடன் சபையும் செல்வாக்கிழந்து கலைந்தது. அமெரிக்காவுடன் சமமாக அமர்ந்து பேசக்கூடிய இரண்டு அமைப்புகள், படையும் சபையும், ஆண்டு பாதியைத் தாண்டுவதற்குள் இல்லாமல் போயின. பிளாட் திருத்தத்தைக் கியூபர்கள் ஏன் எதிர்த்து நிற்க முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு முதல் விடை இதுதான்.

1899 டிசம்பரில் ஆளுநரான லெனார்ட் வுட் மருத்துவம் படித்த ராணுவ அதிகாரி, அசாத்தியமான உழைப்பாளி. அவருடைய காலத்தில் பள்ளிகள் பெருகின, ஹவானாவின் தெருக்கள் சுத்தமாயின. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லாய் 1881இலேயே சொல்லியிருந்ததை, வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு 1900இல் சோதித்து உறுதிசெய்தது. வில்லியம் கோர்காஸ் கொசுவை ஒழித்து நகரை அந்த நோயிலிருந்து மீட்டார். இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் இதே நன்மை பின்னர் கியூபாவின் மீது ஒரு கட்டுப்பாடாக எழுதப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். நோய்த் தடுப்புத் திட்டங்களைக் கியூபா தொடர வேண்டும் என்பது திருத்தத்தின் 5ஆம் பிரிவு. கண்டுபிடிப்பின் மூலக் கருத்து ஒரு கியூப மருத்துவருடையது என்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

1900 ஜூனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. எழுத்தறிவு, அல்லது 250 டாலர் சொத்து, அல்லது விடுதலைப் படையில் பணி, இவற்றில் ஒன்றாவது உள்ள ஆண்களுக்கே வாக்கு. வசதி படைத்தவர்களும் அமெரிக்காவுடன் இணைப்பை விரும்புபவர்களும் வெல்வார்கள் என்று எதிர்பார்த்தே இந்த வரம்பு போடப்பட்டது. வென்றவர்கள் சுதந்திரத்தை விரும்பியவர்கள். செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபைக்கு நடந்த தேர்தலிலும் அப்படியே. தேர்ந்தெடுக்கப்பட்ட 31 பேரில் பத்துப் பேர்தான் முதல்தரமானவர்கள், பதினைந்து பேர் சந்தேகத்துக்குரியவர்கள், மிச்சம் ஆறு பேர் கியூபாவின் படுமோசமான போக்கிரிகள் என்று வுட் ரூட்டுக்கு எழுதினார். மக்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். கேட்டவருக்கு அது பிடிக்கவில்லை.

எட்டுப் பிரிவுகள்

1900 நவம்பர் 5 அன்று ஹவானாவின் மார்த்தி அரங்கில் சபை கூடியது. அரசியல் சாசனத்துடன் அமெரிக்காவோடான உறவையும் வரையறுக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. உறவுகள் பற்றிய குழுவில் ஐந்து பேர். அவர்களில் ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸும் என்ரிக்கே வில்லுவேந்தாஸ் என்ற இளைஞரும் இருந்தார்கள். 1901 பிப்ரவரியில் வுட் இந்தக் குழுவினரை முதலை வேட்டைக்கு என்று தென்கரையிலுள்ள பத்தபானோ பக்கம் அழைத்துச் சென்று, அந்தப் பயணத்தின்போதே ரூட்டின் நிபந்தனைகளைத் தெரிவித்தார். ஒரு நாட்டின் இறைமையைப் பற்றிய செய்தி இப்படித்தான் அதன் பிரதிநிதிகளுக்கு வந்து சேர்ந்தது. குழுவினர் தங்கள் சொந்த வரைவைச் சபையின் முன் வைத்தார்கள். வாஷிங்டன் அதற்காகக் காத்திருக்கவில்லை.

பிப்ரவரி 27 அன்று செனட் பிளாட் திருத்தத்தை 43க்கு 20 என்று நிறைவேற்றியது. அதன் முகவுரையை நிதானமாகப் படிக்க வேண்டும். 1898 ஏப்ரல் 20ஆம் நாள் கூட்டுத் தீர்மானத்தில் அளித்த வாக்கை நிறைவேற்றும் வகையில், என்றுதான் அது தொடங்குகிறது. டெல்லரின் வாக்குறுதியைத் துணைக்கு அழைத்துவிட்டு, எதிர்கால உறவுகளை வரையறுக்கும் கீழ்க்கண்ட எட்டுப் பிரிவுகளைச் சாசனத்தின் பகுதியாகவோ பிற்சேர்க்கையாகவோ கொண்ட ஓர் அரசு அமைந்தவுடன் தீவை அதன் மக்களிடம் ஒப்படைக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது என்று தொடர்கிறது. அமைதி ஏற்பட்டால் விடுவோம் என்றது 1898. எட்டையும் ஒப்புக்கொண்டால்தான் விடுவோம் என்றது 1901.

சுதந்திரத்துக்குக் குந்தகமான உடன்படிக்கை கூடாது என்பது முதல் பிரிவு. வருவாய்க்கு மிஞ்சிய கடன் கூடாது என்பது இரண்டாவது. ராணுவ ஆட்சியின் செயல்களெல்லாம் செல்லும் என்பது நான்காவது. பினோஸ் தீவு கியூபாவின் எல்லைக்குள் சேர்க்கப்படாமல் அதன் உரிமை பிறகு முடிவு செய்யப்படும் என்பது ஆறாவது. அந்தப் 'பிறகு' 1925 வரை நீண்டது. நிலக்கரி நிரப்பவும் கடற்படைத் தளத்துக்கும் நிலம் தர வேண்டும் என்பது ஏழாவது. இவற்றையெல்லாம் நிரந்தர உடன்படிக்கையாக எழுதித் தர வேண்டும் என்பது எட்டாவது.

மூன்றாவதுதான் திருத்தத்தின் முதுகெலும்பு. கியூபாவின் சுதந்திரத்தைக் காப்பதற்கும், உயிர், உடைமை, தனிமனிதச் சுதந்திரம் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தக்க ஓர் அரசு நிலவச் செய்வதற்கும், பாரிஸ் உடன்படிக்கையின் கடமைகளை நிறைவேற்றுவதற்கும் அமெரிக்கா தலையிடும் உரிமையைச் செலுத்தக் கியூப அரசு சம்மதிக்கிறது என்கிறது அது. முதல் நோக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு; வெளிநாட்டான் படையெடுத்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 'தக்க அரசு' என்பதற்கு வரம்பே இல்லை. ஒரு கரும்புத் தோட்டம் எரிந்தால் உடைமைக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லலாம். ஒரு தேர்தலில் கலவரம் நடந்தால் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லலாம். சொல்பவர் யார் என்ற பழைய கேள்விக்கு இம்முறையும் ஒரே விடைதான். கூடுதலாக, தலையிடப்படுபவரின் சம்மதமும் முன்கூட்டியே எழுதி வாங்கப்பட்டிருக்கிறது.

ஃபோராக்கர் இந்த ஆபத்தைச் செனட் விவாதத்திலேயே சுட்டினார். தேர்தல் நடந்தால் ஒரு கட்சி தோற்கும், தோற்ற கட்சி குறை சொல்லும், இப்படி ஒரு பிரிவு கையிலிருந்தால் தொல்லைகளை உண்டாக்கி அமெரிக்காவைத் தலையிட வைத்து, வென்றவர்களை வெளியேற்ற அது முயலும் என்றார். ஐந்தே ஆண்டுகளில் அவர் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்தது.

ஹவானாவில் தீப்பந்த ஊர்வலங்கள் நடந்தன. சபை தன் பதிலை எழுதும் பொறுப்பை ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸிடம் கொடுத்தது. அவர் 1854இல் மத்தான்சாஸ் பகுதியின் ஒரு சர்க்கரைப் பண்ணையில் அடிமைகளுக்குப் பிறந்தவர்; பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பணம் கட்டி அவருடைய சுதந்திரத்தை வாங்கியிருந்தார்கள். வண்டி செய்யும் தொழில் கற்கப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டு, பத்திரிகையாளராகி, மார்த்தியின் தோழராகி, ஸ்பானியச் சிறைகளைக் கண்டவர். எழுதிக்கொடுக்கப்பட்ட சுதந்திரம் என்றால் என்ன, அதை எழுதிக்கொடுப்பவருக்கு அதன் மேல் என்ன பிடி இருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மார்ச் 26 தேதியிட்ட அறிக்கையில் அவர் சொன்னது இன்றும் கியூபாவில் மேற்கோள் காட்டப்படுகிறது. எப்போது தலையிடலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அமெரிக்காவிடம் விடுவது, நம் வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுப்பதற்குச் சமம். நினைத்த நேரத்தில், பகலோ இரவோ, நல்ல எண்ணத்தோடோ கெட்ட எண்ணத்தோடோ அவர்கள் உள்ளே வரலாம் என்றார். அமெரிக்காவின் ஆதரவும் தயவும் பெற்ற அரசுகள் மட்டுமே நிலைக்கும் என்றும், கியூபாவின் நலனைவிட அந்தத் தயவையே நாடும் பலவீனமான, பரிதாபமான அரசுகள்தான் நமக்கு வாய்க்கும் என்றும் எழுதினார். அந்நியன் உள்ளே வருவதைவிட, அவன் வரக்கூடும் என்பதால் வீட்டுக்காரர்கள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும் என்பதை 1901இல் கண்டுசொன்ன தெளிவு வியப்புக்குரியது.

ஏப்ரலில் ஐந்து பேர் கொண்ட தூதுக்குழு வாஷிங்டன் சென்றது. மூன்றாம் பிரிவு கியூப அரசின் அலுவல்களில் மூக்கை நுழைப்பதற்கு அல்ல, தக்க காரணங்களின் பேரில் முறைப்படி எடுக்கும் நடவடிக்கைக்கு மட்டுமே என்று ரூட் விளக்கம் அளித்தார். இதை நம்பிய சபை, மே 28 அன்று அந்த விளக்கங்களையும் சேர்த்து 15க்கு 14 என்ற வாக்கில் திருத்தத்தை ஏற்றது. ஆனால் ரூட் அதை மறுத்தார். சொல் மாறாமல், விளக்கம் சேர்க்காமல் ஏற்க வேண்டும், அதுவரை படை வெளியேறாது. ரூட்டின் செயலில் எனக்கு மிகக் கடுமையாகப் படுவது இந்த இடம். விளக்கம் உண்மை என்றால் அதை எழுதிச் சேர்ப்பதில் என்ன தடை?

ஜூன் 12 அன்று 16க்கு 11 என்று சபை பணிந்தது. சால்வதோர் சிஸ்னெரோஸ் பெத்தான்கூரும் ஹுவான் குவால்பெர்த்தோவும் கடைசிவரை எதிர்த்தார்கள். மனுவேல் சாங்கிலி போன்ற பழைய போராளிகள் சிலர் ஏற்று வாக்களித்தார்கள். கட்டுப்பட்ட குடியரசாவது கையில் இருந்தால் பிறகு போராட இடமுண்டு, குடியரசே இல்லாவிட்டால் ராணுவ ஆட்சிதான் மிஞ்சும் என்பது அவர்களுடைய கணக்கு. அவர்களைத் துரோகிகள் என்று எழுதுவது எளிது. படையும் சபையும் கலைக்கப்பட்ட நாட்டில், அந்நியத் துப்பாக்கிகளுக்கு நடுவே அமர்ந்து, முடியாது என்ற சொல்லுக்கு விலை என்னவென்று அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. அந்த 16 பேரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பற்றி வுட்டுக்கு மயக்கம் இல்லை. பிளாட் திருத்தத்தின் கீழ் கியூபாவுக்கு எஞ்சியிருக்கும் சுதந்திரம் சொற்பம், அல்லது எதுவுமே இல்லை என்று 1901 அக்டோபர் 28 அன்று, மெக்கின்லிக்குப் பின் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார்.

சாவியைத் திருப்பியவர்

1902 மே 20 அன்று ஹவானாவில் அமெரிக்கக் கொடி இறங்கிக் கியூபக் கொடி ஏறியது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறேன் என முதிய மாக்ஸிமோ கோமெஸ் சொன்னதாக மக்கள் நினைவில் இருக்கிறது. முதல் குடியரசுத் தலைவர் தொமாஸ் எஸ்த்ராதா பால்மா, நியூயார்க் மாநிலத்தில் நெடுங்காலம் பள்ளி நடத்தியவர். சிக்கனமானவர், கைசுத்தமானவர் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். 1903இல் ஏழாம் பிரிவு கேட்ட கடற்படைத் தளத்துக்கான குவாண்டனாமோ குத்தகையும் நிரந்தர உடன்படிக்கையும் கையெழுத்தாயின. இறுதி இறைமை கியூபாவுக்கு, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு என்று குத்தகைப் பத்திரம் பிரித்தது. வாடகை ஆண்டுக்கு 2,000 டாலர், தங்க நாணயத்தில்.

1905இல் எஸ்த்ராதா பால்மா மறுபடி போட்டியிட்டார். அவருடைய ஆட்கள் வாக்காளர் பதிவிலேயே தில்லுமுல்லு செய்தார்கள். செப்டம்பர் 22 அன்று சியென்ஃபுவேகோஸ் நகரில் லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்: நான்கு ஆண்டுகளுக்கு முன் உறவுகள் குழுவில் அமர்ந்திருந்த அதே என்ரிக்கே வில்லுவேந்தாஸ். லிபரல்கள் தேர்தலிலிருந்து விலகினார்கள். 1906 ஆகஸ்டில் ஆயுதம் எடுத்தார்கள். அரசிடம் அவர்களை அடக்கத் தக்க படை இல்லை.

இங்கே ஃபோராக்கரின் எச்சரிக்கையும் ஹுவான் குவால்பெர்த்தோவின் எச்சரிக்கையும் ஒருசேரப் பலித்தன. கிளர்ச்சி செய்தால் அமெரிக்கா வந்து தேர்தலை மறுபடி நடத்தும் என்று லிபரல்கள் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கா வந்து தன்னை நிலைநிறுத்தும் என்று குடியரசுத் தலைவர் கணக்குப் போட்டார். ஹுவான் குவால்பெர்த்தோவும் அப்போது லிபரல் கட்சித் தலைவர்களில் ஒருவர் என்பதை மறைக்கக் கூடாது; தான் கண்டித்த பொறியின் உள்ளே நின்றுதான் அவரும் அரசியல் செய்ய வேண்டியிருந்தது. செப்டம்பர் 8 அன்று ஹவானாவிலிருந்த அமெரிக்கத் தலைமைத் தூதரக அதிகாரி ஃபிராங்க் ஸ்டைன்ஹார்ட், எஸ்த்ராதா பால்மாவின் வேண்டுகோளின்படி போர்க்கப்பல்களை ரகசியமாகக் கேட்டுத் தந்தி அனுப்பினார். இந்த ஸ்டைன்ஹார்ட் வுட்டின் ராணுவ ஆட்சியில் அலுவலகத் தலைமை எழுத்தராக இருந்தவர்.

ரூஸ்வெல்ட்டுக்கு இந்த அழைப்பு பிடிக்கவில்லை என்பது உண்மை. அந்தக் குட்டிக் குடியரசின் மேல் வரும் கோபத்தில் அதன் மக்களையே பூமியிலிருந்து துடைத்துவிடத் தோன்றுகிறது என்று ஒரு நண்பருக்கு எழுதினார். தன் நாடு வகுத்த ஏற்பாடு அதன் இயல்புப்படி நடந்ததற்கு அவர் கியூப மக்களைக் கோபித்தார். போர்த்துறைச் செயலர் வில்லியம் டாஃப்ட் செப்டம்பர் 19 அன்று வந்து சமரசம் முயன்றார். தேர்தல் மோசடி நடந்தது என்று அவருக்கே தெளிவானதால், எஸ்த்ராதா பால்மாவைத் தாங்கிப் பிடிக்க அவரால் முடியவில்லை. கியூபத் தலைவர் வேறொரு வழி எடுத்தார். தானும் துணைத் தலைவரும் பதவி விலகி, நாடாளுமன்றத்தில் தன் கட்சியினரைக் கூடவிடாமல் செய்து, நாட்டில் அரசே இல்லை என்ற நிலையை உண்டாக்கினார். எதிர்க்கட்சியிடம் ஆட்சி போவதைவிட அமெரிக்கரிடம் போவது மேல் என்று அவர் கருதினார். செப்டம்பர் 29 அன்று டாஃப்ட் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்றார். கியூபக் கொடி வழக்கம்போலப் பறக்கும் என்று அவருடைய அறிவிப்பு சொன்னது. அடுத்து வந்த சார்லஸ் மகூன் 1909 ஜனவரி 28 வரை ஆண்டார்.

1912இல் நடந்ததுதான் மனதை இன்னும் கனக்கச் செய்கிறது. கறுப்பின மக்களுக்குப் படையிலும் அரசிலும் உரிய இடம் கோரி எவாரிஸ்தோ எஸ்தெனோஸ் முதலானோர் தொடங்கிய சுயேச்சைக் கட்சியை, இன அடிப்படையிலான கட்சிகள் கூடாது என்று 1910இல் ஒரு சட்டம் தடைசெய்திருந்தது. தடையை நீக்கக் கோரி அவர்கள் மே 20 அன்று, குடியரசின் பத்தாம் ஆண்டு நாளில், ஆயுதக் கிளர்ச்சியாகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களும் பிளாட் திருத்தத்தைச் சுட்டி அமெரிக்காவிடம் முறையிட்டவர்களே. அமெரிக்கக் கடற்படை வீரர்கள் குவாண்டனாமோ பக்கம் இறங்கியதும், முழுத் தலையீடு வருமுன் அடக்கிக் காட்ட வேண்டும் என்ற அவசரம் குடியரசுத் தலைவர் ஹொசே மிகேல் கோமெஸைப் பிடித்துக்கொண்டது. ஓரியன்ட் மாகாணத்தில் கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாதவர்கள். கொன்றவர்கள் கியூபர்கள், குற்றமும் அவர்களுடையது, கியூபச் சமூகத்தின் இனவெறி அதன் வேர். ஆனால் 'தக்க அரசு' என்று நிரூபித்துக்காட்ட வேண்டிய கட்டாயம் அந்தக் கைகளை முடுக்கிவிட்டது என்பதையும் இதிலிருந்து பிரிக்க முடியாது.

பின் வந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1917இல் மறுபடி தேர்தல் தகராறு, மறுபடி கிளர்ச்சி, மறுபடி படை. 1920இல் சர்க்கரை விலை மே மாதம் பவுண்டுக்கு 22 சென்டைத் தாண்டி, ஆண்டு முடிவதற்குள் 4 சென்டுக்கும் கீழே விழுந்து வங்கிகள் நொடித்தபோது, அமெரிக்கத் தளபதி ஈனோக் க்ரௌடர் ஒரு போர்க்கப்பலில் ஹவானாவுக்கு வந்து அங்கிருந்தே நிர்வாகத்தைத் திருத்த ஆலோசனை சொன்னார். சர்வாதிகாரி மச்சாதோ 1933 ஆகஸ்டில் வீழ்ந்ததும் வந்த ராமோன் கிராவ் அரசு திருத்தத்தைத் தானாகவே செல்லாது என்று அறிவித்தது. அமெரிக்கா அந்த அரசை அங்கீகரிக்கவே இல்லை, ஜனவரியில் அது கவிழ்ந்தது. ஹுவான் குவால்பெர்த்தோ கோமெஸ் 1933 மார்ச் 5 அன்று இறந்துவிட்டார்.

1934 மே 29 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை 1903ஆம் ஆண்டு உடன்படிக்கையை ரத்து செய்தது. தலையிடும் உரிமை போயிற்று. புதிய உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு மட்டும் குவாண்டனாமோவைப் பற்றியது: அமெரிக்கா தானாகத் தளத்தைக் கைவிடாத வரையில், அல்லது இரு நாடுகளும் சேர்ந்து மாற்றிக்கொள்ளாத வரையில், அது இப்போதிருக்கும் எல்லைகளுடன் தொடரும். கியூபா மட்டும் விரும்பினால் போதாது. வாடகை பின்னர் 4,085 டாலராயிற்று. 1959இல் புரட்சி அரசு வந்த ஆண்டு ஒரே ஒரு காசோலை மட்டும் வங்கியில் மாற்றப்பட்டது. அதற்குப் பின் அமெரிக்கா ஆண்டுதோறும் அனுப்பியவற்றைக் கியூபா மாற்றாமலே வைத்திருக்கிறது.